கடல்கடந்து வரும் கடதாசிப் பெட்டி

பண்டத்தை ஆக்குதல் ஒன்று. ஆக்கிய பண்டத்தைக் கெடாமலும் சிதறாமலும் கொள்வோன் கையிற் சேர்த்தல் மற்றொன்று. முன்னதில் வல்லவராயிருந்தும் பின்னதில் வழுவியமையால் நலிந்த கைத்தொழிலாளர் பலர். எம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். பனங்கட்டிக்குக் குட்டானும், கருவாட்டுக்கு உமலும், காய்கறிக்குக் கடகமும் அவர்கள் வகுத்த உறைகள். குட்டானுக்கு வேண்டிய ஓலை, பனங்கட்டிக்குரிய பதநீரைத் தந்த அதே பனையிலிருந்தே கிடைத்தது. பண்டமும் அதன் உறையும் ஒரே வளவிற் பிறந்தன. ஒரே வண்டியிற் சந்தைக்குச் சென்றன.

இன்று நிலைமை வேறு. அதே பனங்கட்டி கொழும்புக் கடையொன்றின் தட்டிலே ஏறவேண்டுமாயின், அழகுற அச்சிட்ட மட்டைப்பெட்டி ஒன்று வேண்டும். அத்தகைய பெட்டிகள் பலவற்றை உள்ளடக்கிக் கொண்டுசெல்லத் தடித்த வெளிப்பெட்டி ஒன்றும் வேண்டும். இவற்றுக்கான கடதாசி பெரும்பாலும் இத்தீவிற் பிறப்பதன்று. ஆதலால் உறை தேடும் வணிகரின் பார்வை இயல்பாகவே அயல்நாடாகிய இந்தியாவை நோக்கிச் செல்கின்றது. அவ்வாறு கடதாசிப் பெட்டிகளை இறக்குமதி செய்வதில் இலாபம் எங்கேயுள்ளது, இழப்பு எங்கே ஒளிந்திருக்கின்றது, எம்மிடையேயுள்ள சிறு கைத்தொழிலாளர் இதனை எவ்வாறு கையாளுதல் தகும் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கடதாசி உறையின் வகைகள்

வணிகத்திற் பயன்படும் கடதாசி உறைகளை மூவகையாகப் பிரித்தல் கூடும். முதலாவது, தனி மட்டையை வெட்டி மடித்துச் செய்யும் சிறு பெட்டி. சவர்க்காரமும் தேயிலைப் பொட்டலமும் மருந்துக் குப்பியும் இத்தகைய பெட்டிகளிலேயே வருகின்றன. இரண்டாவது, காட்போட் பெட்டி என்று யாவரும் வழங்கும் நெளிமட்டைப் பெட்டி. இரு தட்டைத் தாள்களுக்கிடையே அலைபோல நெளிந்த தாளொன்றை ஒட்டுவதால் இம்மட்டை உருவாகின்றது. மூன்றாவது, கடதாசிப் பையும் பலமடிச் சாக்கும்.

இவற்றின் வரலாறு மிகப் பழையதன்று. நெளித்த தாளுக்கு 1856இல் இங்கிலாந்திலே காப்புரிமை பெற்றவர்கள் அதனைத் தொப்பிகளின் உட்புறத்துக்கே பயன்படுத்தினர். 1871இல் அமெரிக்கரான அல்பேட் ஜோன்ஸ் என்பவரே கண்ணாடிக் குப்பிகளைச் சுற்றிப் பொதிவதற்கு அதனைக் கையாண்டார். 1879 அளவில் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிலே கடதாசிப் பை செய்துவந்த றொபேட் கெயர் என்பவரின் அச்சகத்தில், மடிப்புத் தடம் பதிக்கவேண்டிய உலோகத் தகடொன்று சற்று உயர்ந்து நின்று பைகளை வெட்டிவிட்டது. அத்தவற்றைக் கண்ட அவர், வெட்டுதலையும் மடிப்புத் தடம் பதித்தலையும் ஒரே அழுத்தத்திற் செய்யலாம் என்று தெளிந்தார். இன்று உலகெங்கும் தட்டையாக வந்து, விரித்தவுடன் பெட்டியாகும் மட்டைகள் யாவும் அத்தெளிவின் வழிவந்தவையே.

இலங்கையிலும் கடதாசி உறை சிறிது சிறிதாகப் பிறவற்றின் இடத்தைப் பிடித்தது. ஒருகாலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிற் கப்பலேறிய மொத்தத் தேயிலை, பின்னர்ப் பலமடிக் கடதாசிச் சாக்குகளிற் செல்லலாயிற்று. 2017 ஏப்ரில் 14ஆம் நாள் கொழும்பையடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரிற் பொலித்தீன் சோற்றுத்தாள் முதலியன தடைசெய்யப்பட்டன. இவற்றின் பின் கடதாசி உறையின் தேவை மேலும் பெருகியது.

இந்தியாவை நாடுவது ஏன்?

எமது நாடு கடதாசி செய்ய முயலாமல் இருந்ததில்லை. மட்டக்களப்பு மாவட்டத்திலே வாழைச்சேனையில் 1950களின் நடுப்பகுதியில் அரசினர் கடதாசி ஆலையொன்றை நிறுவினர். வயலில் எஞ்சும் வைக்கோலே அதன் முதன்மையான மூலப்பொருள். 1970களின் பிற்பகுதியில் எம்பிலிப்பிட்டியில் மற்றோர் ஆலை எழுந்தது. ஆயினும் இவ்விரண்டும் நாட்டின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நலிந்தன. வாழைச்சேனை ஆலை போர்க்காலத்திற் பெரிதும் தளர்ந்து பின்னர் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. வைக்கோலிற் சிலிக்கா மிகுதி. அதனைப் பதப்படுத்திய கழிவுநீரிலிருந்து இரசாயனங்களை மீட்டெடுத்தல் கடினம். பெரிய ஆலைகளோடு விலையிற் போட்டியிட இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவிலோ மூலப்பொருளும் சந்தையும் பரந்துள்ளன. கரும்பைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து கடதாசி செய்யும் பேராலையொன்று தமிழ்நாட்டிற் கரூரை அடுத்துள்ள காகிதபுரத்தில் 1980களில் உற்பத்தியைத் தொடங்கியது. பழங்கடதாசியை மீண்டும் கூழாக்கிப் பழுப்புநிற உறைத்தாள் செய்யும் ஆலைகளோ பல. சிவகாசியின் வரலாறு இன்னும் சிந்தித்தற்குரியது. 1922இல் அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு மேலொட்டுச் சீட்டு வேண்டியிருந்தது. சீட்டுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. இவ்வாறு ஒரு சிறு பண்டத்தின் உறையைத் தாமே செய்யப் புகுந்த ஊர், நாடறிந்த அச்சுநகராயிற்று. உறைத்தொழில் பண்டத்தொழிலின் நிழல்போல அதனைத் தொடர்ந்து வளர்வது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவற்றோடு கடலும் துணைநிற்கின்றது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே பாய்க்கப்பற் காலந்தொட்டு வணிகம் நடந்துவந்துள்ளது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பனி தேர்ந்துகொண்ட வழியும் அதுவே. இன்று அவ்வழியே கொள்கலன்கள் வருகின்றன. எனினும் யாழ்ப்பாணத்து வணிகர் ஒன்றை மறத்தலாகாது. எமக்கு வடக்கேயுள்ள நாட்டிலிருந்து புறப்படும் பெட்டி, எம்மைக் கடந்து தெற்கே கொழும்பிற் கரையேறி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறியிற் பயணஞ்செய்தே எம்மை வந்தடைகின்றது. அப்பயணக்கூலியும் பெட்டியின் விலையேயாகும்.

கட்டளையிடுமுன் அறியவேண்டியவை

“நல்ல பெட்டி அனுப்புக” என்று எழுதுவது கட்டளையாகாது. எவ்வளவு பாரத்தைத் தாங்கும் பெட்டி என்பதை எண்ணாற் சொல்லுதல் வேண்டும். நீளம் 30, அகலம் 20, உயரம் 20 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு பெட்டியில் 6 கிலோகிராம் பண்டம் அடங்குகின்றது என வைத்துக்கொள்வோம். பண்டசாலையில் எட்டுப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அடிப்பெட்டியின் மீது ஏழு பெட்டிகளின் பாரம், அதாவது 42 கிலோகிராம் அமரும். ஆயினும் 42 கிலோகிராமைத் தாங்கும் பெட்டி போதாது. நாட்பட அடுக்கிக் கிடத்தலாலும், ஏற்றியிறக்கும்போது அடிபடுதலாலும், ஈரத்தாலும் மட்டை தளரும். ஆகவே மூன்று முதல் ஐந்து மடங்கு வலிமையைக் கோருவது வழக்கம். நான்கு மடங்கு எனக் கொள்ளின், எமக்கு வேண்டுவது 168 கிலோகிராம் அழுத்தத்தைத் தாங்கும் பெட்டியாகும்.

ஈரத்தைக் குறித்து மேலும் ஒரு சொல். கடதாசி காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சும் இயல்புடையது. உலர்ந்த அறையிற் சோதித்த பெட்டி, மாரிகாலத்து ஈரக்காற்றில் தன் வலிமையிற் பாதியளவை இழத்தலுங் கூடும். வைகாசியிற் சோதித்து வாங்கிய பெட்டி கார்த்திகையில் இடுப்பொடிந்து நிற்பதன் காரணம் இதுவே. கொள்கலனுக்குள்ளும் இவ்விடர் உண்டு. பகல் வெப்பத்தில் எழுந்த நீராவி இரவிற் கூரைத்தகட்டிற் குளிர்ந்து துளித்துளியாக மட்டைக் கட்டுகளின் மீது விழும். மேலே விரிப்பும் உள்ளே ஈரமுறிஞ்சும் பைகளும் இட்டு அனுப்புமாறு முன்னரே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

அடுத்தது தாளின் நிறை. ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்பதே அதன் அளவுகோல். 150 கிராம் தாள் எனக் கூறி 130 கிராம் தாளில் அனுப்பினாற் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். கத்தியும் அளவுகோலும் சிறு தராசும் உள்ள எந்தப் பள்ளி ஆய்வுகூடத்திலும் இதனைச் சோதிக்கலாம். உணவுப்பண்டம் மட்டையை நேரே தொடுமாயின், பழங்கடதாசியிற் செய்த மட்டையைத் தவிர்த்தல் நன்று. பழைய அச்சுமையின் எண்ணெய்ப் பொருள்கள் உணவிற் கலத்தல் கூடும்.

இறுதியாக எழுத்து. எமது பெட்டியிலே தமிழோடு சிங்களமும் இடம்பெறும். அயல்நாட்டு அச்சகத்தில் அச்சுக்கோப்போர்க்குச் சிங்கள எழுத்து வெறும் உருவமே; ஒரு சுழி விடுபட்டால் அறியமாட்டார். அச்சுக்கு முந்திய படியை இரு மொழியும் கற்ற ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்து ஒப்பமிட்டபின்னரே அச்சுக்கு இசைதல் வேண்டும். இருபதினாயிரம் பெட்டிகளிற் பதிந்த பிழையை எந்த அழிறப்பராலும் அழித்தல் முடியாது.

வெற்றிடத்துக்குக் கப்பற்கூலி

பெட்டியை எந்நிலையில் இறக்குமதி செய்வது என்பதே இத்தொழிலின் உயிர்நாடி. மேற்கூறிய பெட்டியையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அதனை விரித்துச் செய்த நிலையில் அனுப்பின் அது 12,000 கன சென்ரிமீற்றர் இடத்தை அடைக்கும். ஏறத்தாழ 33 கன மீற்றர் கொள்ளளவுடைய இருபதடிக் கொள்கலனில் 2,500 பெட்டிகளுக்கு மேல் அடங்குதல் அரிது. நாம் கூலி கொடுப்பது கடதாசிக்கன்று, காற்றுக்கு.

அதே பெட்டியை ஒட்டி, மடித்து, தட்டையாக அனுப்பினால் 50 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் 6 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள பலகைபோல ஆகும். அதன் கனவளவு 1,200 கன சென்ரிமீற்றர். இடம் பத்திலொன்றாகச் சுருங்கவே, கொள்கலனில் 25,000 பெட்டிகள் அடங்கும்.

இனி, மட்டையாகவும் செய்யாமல் தாள்சுருளாகவே கொணர்ந்தால் என்னாகும்? அப்பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 195 கிராம் தாள் செல்லும். ஒரு கொள்கலனில் 12 தொன் சுருள் ஏற்றினால், பத்திலொரு பங்கு கழிவு போகவும் 55,000 பெட்டிகளுக்கு வேண்டிய தாள் வந்துசேரும். 2,500, 25,000, 55,000 என்னும் இம்மூன்று எண்களும் மூன்று படிகள். ஒவ்வொரு படி ஏறுந்தோறும் கப்பற்கூலி குறைகின்றது. இங்கே செய்யும் வேலை கூடுகின்றது. கொழும்பைச் சூழ்ந்துள்ள நெளிமட்டை ஆலைகள் வெளிநாட்டுத் தாள்சுருளைக் கொணர்ந்து இங்கே மட்டையாக்கி விற்பதன் காரணம் இக்கணக்கே. எனவே இந்திய விலையைக் கேட்குமுன் உள்நாட்டு ஆலையின் விலையைக் கேட்டறிதல் முறையாகும். நயமான பலநிற அச்சுள்ள சிறு மட்டைப்பெட்டிகளில் இந்திய விலை மலிவாயிருத்தல் கூடும். பெரிய பழுப்பு வெளிப்பெட்டிகளில் உள்நாட்டுப் பெட்டியே வெல்லுதல் கூடும்.

பத்திரங்களும் தீர்வையும்

விலைச்சிட்டையிற் காணும் தொகை பெட்டியின் விலையன்று, விலையின் தொடக்கமே. கப்பலேற்றும் வரையுள்ள விலைக்கு எப்.ஓ.பி. என்றும், கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலைக்குச் சி.ஐ.எப். என்றும் பெயர். இறக்குமதியில் அறவிடப்படுவன பின்னதை அடியாகக் கொண்டே கணிக்கப்படுகின்றன. சுங்கத்தீர்வை, செஸ் வரி, துறைமுக விமானநிலைய அறவீடு முதலியன பண்டத்தின் குறியீட்டுக்கேற்ப மாறுவன. கடதாசிப் பெட்டிகளும் பைகளும் உலகப் பொதுக் குறியீட்டில் 48.19 என்னும் தலைப்பின் கீழ் வருவன. அதனுள்ளும் நெளிமட்டைப் பெட்டிக்கு ஓர் உபபிரிவும், நெளியில்லாத மடிப்புப் பெட்டிக்கு வேறோர் உபபிரிவும் உள. உபபிரிவு மாறினால் வரியும் மாறலாம். பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதல் நூற்றுக்கு 18 ஆகியது. அவ்வரிக்குப் பதிவுசெய்த வணிகர் தாம் இறக்குமதியிற் செலுத்தியதைப் பின்னர் ஈடுசெய்துகொள்வர். பதிவுசெய்யாத சிறு உற்பத்தியாளருக்கோ அது முழுச்செலவாகவே நிற்கும். ஒரே பெட்டி இருவருக்கு இரு விலையாவது இவ்வாறே.

இந்தியாவுக்கும் இலங்கைக்குமிடையே 1998 டிசெம்பர் 28ஆம் நாள் ஒப்பமிடப்பட்டு 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, சில பண்டங்களுக்குத் தீர்வைச் சலுகை அளிக்கின்றது. சலுகை பெறாத பண்டங்களுக்கு விலக்குப்பட்டியல் ஒன்று உண்டு. எமது பெட்டி அப்பட்டியலில் உள்ளதா என்பதைக் கட்டளையிடுமுன் சுங்கத்திடம் உறுதிசெய்தல் வேண்டும். சலுகைக்குரியதாயினும், அப்பண்டம் உண்மையில் இந்தியாவிலேயே ஆக்கப்பட்டது என்பதற்கான பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். மூன்றாம் நாட்டுத் தாளைக் கொண்டு செய்த பெட்டியாயின், இந்தியாவிற் சேர்ந்த பெறுமதி கப்பலேற்றும் விலையில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையலாகாது என்பது விதி. சான்றிதழும் விலைச்சிட்டையும் கப்பற்சீட்டும் ஒன்றோடொன்று எழுத்துப் பிசகாமல் ஒத்திருத்தல் இன்றியமையாதது. பத்திரத்தில் ஒரு வேறுபாடு காணப்படின் பெட்டிகள் துறைமுகத்திற் கிடக்கும். கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி ஏறும்.

பணஞ்செலுத்தும் முறையிலும் விழிப்பு வேண்டும். நாணயக் கடிதம் திறந்தால் யாவும் பாதுகாப்பு என்று எண்ணுவோர் பலர். வங்கி ஆராய்வது பத்திரங்களையே, பண்டங்களையன்று. பத்திரம் செவ்வனே இருப்பின், உள்ளே வந்தது மெலிந்த மட்டையாயினும் வங்கி பணங்கொடுக்கும். ஆதலால் ஏற்றுமுன் நடுநிலையாளர் ஒருவர் சோதித்து அளித்த சான்றையும் தேவையான பத்திரங்களுள் ஒன்றாக நாணயக் கடிதத்திலேயே குறித்தல் அறிவுடைமையாகும்.

2022 கற்பித்த பாடம்

இத்தனையும் செவ்வனே செய்தவரும் தடுமாறிய காலம் ஒன்றுண்டு. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் அது 350 ரூபாவைத் தாண்டியது. டொலரில் விலைபேசி ரூபாவிற் பண்டம் விற்றோருக்கு, பெட்டியின் விலை மட்டுமே இலாபம் முழுவதையும் விழுங்குவதாயிற்று. அதே மார்ச்சு மாதத்தில் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசித் தட்டுப்பாட்டாற் பிற்போடப்பட்டன. வினாத்தாள் அச்சிடவும் தாளில்லை என்ற செய்தியைக் கேட்டபோதே, கடதாசிக்கு நாம் எவ்வளவு தூரம் பிறர் கையை எதிர்பார்த்துள்ளோம் என்பது பலருக்கு உறைத்தது.

ஆகவே இறக்குமதியே கூடாதென்பது எம் கருத்தன்று. ஆறு மாதத்துக்கான பெட்டியைக் கையிருப்பில் வைத்தலும் இதற்கு முற்றான மருந்தாகாது. முதல் முடங்கும், கறையானும் ஈரமும் பங்குகேட்கும். உறையிலே கடல்கடந்து வரவேண்டிய பகுதி எது, இங்கேயே செய்யத்தக்க பகுதி எது என்று பிரித்தறிவதே உண்மையான மருந்து.

கூட்டாகச் செய்யத்தக்கது

சிறு கைத்தொழிலாளருக்கு இங்கே ஒரு வழி புலப்படுகின்றது. நெல்லிரசம் செய்பவருக்கு மாதம் முந்நூறு பெட்டி போதும். மிளகாய்த்தூள் அரைப்பவருக்கு ஐந்நூறு போதும். அச்சகமோ பல்லாயிரத்துக்குக் குறைந்த கட்டளையை ஏற்க விரும்பாது. ஏற்றாலும் அச்சுக்கோலத்தின் செலவு முழுவதையும் அச்சில பெட்டிகளின் மீதே சுமத்தும். இதனாற் சிறியவர் ஒன்றில் தரங்குறைந்த உறையிற் பண்டத்தை விற்கின்றார். அல்லது ஈராண்டுக்குப் போதுமான பெட்டியை வாங்கிக் கடனாளியாகின்றார்.

இருபது உற்பத்தியாளர் கூடி, தத்தம் பண்டங்களுக்குப் பொருந்தும் மூன்று பொது அளவுகளைத் தேர்ந்து, எழுத்தில்லாத வெறும் பெட்டிகளை ஒரே கட்டளையாகத் தட்டையான நிலையில் இறக்குமதி செய்வாராயின் நிலைமை மாறும். பெயரும் நிறமும் தாங்கிய மேலொட்டுச் சீட்டை அவரவர் யாழ்ப்பாணத்து அச்சகத்திலேயே வேண்டிய அளவு அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். எழுத்துப் பிழை நேர்ந்தால் நட்டமாவது சில நூறு சீட்டே. வகுத்த விதி மாறினால் மாற்றவேண்டியதும் சீட்டே. கொள்கலன் கூலியும் பத்திரச் செலவும் இருபது பங்காகப் பிரியும். கூட்டுறவில் நீண்ட பழக்கமுள்ள இப்பிரதேசத்துக்கு இது புதிய வித்தையன்று. பனம்பண்டத்தைக் கூட்டாக விற்கத் தெரிந்தவர்களுக்கு அதன் உறையைக் கூட்டாக வாங்கவுந் தெரியும்.

இவ்வழியிற் சில ஆண்டுகள் சென்றபின், மூன்று அளவுகளிலும் ஆண்டுதோறும் எத்தனை பெட்டி செலவாகின்றது என்ற கணக்கு கையில் இருக்கும். அக்கணக்கே அடுத்த படிக்குரிய முதல். பெட்டிக்குப் பதிலாக மட்டையை வரவழைத்து இங்கே வெட்டி ஒட்டுவது பயன்தருமா என்பதை அப்போது ஊகத்தாலன்றி எண்ணால் தீர்மானிக்கலாம். சிவகாசியார் தீப்பெட்டிச் சீட்டிலிருந்து அச்சுநகருக்குச் சென்ற வழியும் இவ்வாறு படிப்படியாக அமைந்ததே.

பொருளியலும் கணக்கியலும் பௌதிகமும் பயிலும் மாணவர்க்கு இதிற் செய்தற்கு வேலையுண்டு. மட்டையின் நிறையை அளத்தலும், அழுத்தத்தைச் சோதித்தலும், கரைசேர்ந்த பெட்டியின் முழுவிலையைக் கணித்தலும் பரீட்சைக்கு மட்டும் உரியன அல்ல. வணிகத்தில் ஈடுபட்டுள்ள பழைய மாணவர் தம் விலைச்சிட்டைகளுட் சிலவற்றை இளையோர் முன் விரித்துவைப்பாராயின் அது சிறந்த பாடநூலாகும். ஓலையின் வலிமையும் தன்மையும் அறிந்தே குட்டான் இழைத்தவர்களின் வழிவந்தோர் நாம். கடதாசியின் வலிமையையும் தன்மையையும் அறிந்தபின் வாங்குவோமாயின், கடல்கடந்து வரும் பெட்டியும் எமது வளவிற் பிறந்த பண்டத்துக்குத் தக்க துணையாகும்.